சர்வருக்கு வரும் புதுப்பிப்பை நிறுத்திவைத்தல்: எப்போது, எப்படி, எத்தனை நாள்?

நம் வங்கியில் வணிகக் கணக்கு வைத்துள்ள வாடிக்கையாளர்களில் பலர் இன்று தங்கள் அலுவலகத்திலோ கடையின் பின்னறையிலோ ஒரு சர்வரை வைத்திருக்கிறார்கள். விற்பனைப் பட்டியல், சரக்கிருப்பு, ஜிஎஸ்டி கணக்கு, ஊதியப் பட்டியல், வங்கிக்கு அனுப்ப வேண்டிய பணப் பட்டுவாடாக் கோப்பு ஆகிய யாவும் அந்த ஒரே கணினியில் தங்கியிருக்கின்றன. அது ஒரு நாள் காலையில் இயங்க மறுத்தால், கடையைத் திறந்து வைத்திருந்தும் வணிகம் நடவாது.

அவ்வாறு இயங்க மறுப்பதற்கு வன்பொருள் பழுதும் வைரஸும் மட்டுமே காரணங்கள் அல்ல. இயங்குதளத்தைப் பாதுகாப்பதற்காக இரவில் தானாகவே வந்து நிறுவப்படும் புதுப்பிப்பும் சில வேளைகளில் காரணமாகிவிடுகிறது. இதை ஒருமுறை அனுபவித்தவர்கள், ‘இனி எந்த அப்டேட்டும் வேண்டாம், எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்’ என்று தங்கள் கணினிப் பணியாளரிடம் கூறிவிடுகிறார்கள். அந்தக் கோபம் இயல்பானது. ஆனால் அந்த முடிவு, வந்த இடரைவிடப் பெரிய இடரை அழைத்து வரக்கூடும். சிக்கலான ஒரு புதுப்பிப்பை முறையாக நிறுத்திவைப்பது எப்படி, அதை எத்தனை நாளைக்குள் விடுவிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

புதுப்பிப்பு எப்போது வருகிறது?

இயங்குதளம் என்பது கோடிக்கணக்கான வரிகளால் ஆன மென்பொருள். அதில் பாதுகாப்புக் குறைகள் அவ்வப்போது கண்டறியப்படுகின்றன. அவற்றை அடைக்கத் தயாரிப்பு நிறுவனம் வெளியிடும் திருத்தமே புதுப்பிப்பு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் விண்டோஸ் இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று வெளியிட்டு வருகிறது. அமெரிக்கப் பசிபிக் நேரப்படி காலை 10 மணி என்பது நமக்கு அன்றிரவு 10.30 மணி; அங்குக் குளிர்கால நேரம் நடைமுறையில் இருக்கும்போது 11.30 மணி.

இரண்டாம் செவ்வாய் என்பது எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையே வரும். வணிகரின் நாட்காட்டியில் அந்த வாரத்தின் நிலை என்ன? மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோர் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை 11ஆம் தேதிக்குள் அளிக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ பங்களிப்புகளை 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதியைத் தொடர்கிறது. எடுத்துக்காட்டாக, 2025 ஜூன் மாதத்தில் இரண்டாம் செவ்வாய் 10ஆம் தேதி. அன்றிரவு 10.30 மணிக்குப் புதுப்பிப்பு வெளியாகிறது. மறுநாளே ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள். தானியங்கி நிறுவலுக்கு விண்டோஸ் கொள்கை அமைப்பில் இயல்பாகக் குறிக்கப்பட்டுள்ள நேரம் அதிகாலை 3 மணி. சர்வர் அந்த அமைப்பில் விடப்பட்டிருந்தால், கடைசி நாளன்று விடியற்காலையில், அலுவலகத்தில் எவரும் இல்லாத வேளையில், அது தானே புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் செய்யும். பெரும்பாலும் நல்லபடியாகவே எழுந்துவிடும். எழாத நாள்தான் நம் கவலை.

புதுப்பிப்பே சிக்கலாகும்போது

இது வெறும் அச்சமன்று என்பதற்குச் சில நிகழ்வுகள் சான்று.

2022 ஜனவரி 11 அன்று வெளியான விண்டோஸ் சர்வர் புதுப்பிப்புகளை நிறுவிய பின்னர், டொமைன் கன்ட்ரோலர் எனப்படும் சர்வர்கள் சில மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆயின. ஒரு நிறுவனத்தின் பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் சரிபார்ப்பவை இவை; இவை நின்றால் ஊழியர்கள் தம் கணினியில் நுழைவது தடைபடக்கூடும். 2012 ஆர்2 பதிப்பில் மெய்நிகர் கணினிகள் சில தொடங்கவே இல்லை. மைக்ரோசாஃப்ட் ஜனவரி 17 அன்று, வழக்கமான நாளுக்குக் காத்திராமல், சிறப்புத் திருத்தங்களை வெளியிட்டது.

2024 மார்ச் 12 அன்று வெளியான புதுப்பிப்பில் வேறு வகையான குறை இருந்தது. நிறுவிய உடனே எதுவும் தெரியவில்லை. சரிபார்ப்புப் பணியைச் செய்யும் நிரல் நினைவகத்தைச் சிறிது சிறிதாக விழுங்கி, பின்னர் சர்வரை நிலைகுலையச் செய்து மறுதொடக்கத்துக்கு உள்ளாக்கியது. இதற்கான சிறப்புத் திருத்தம் மார்ச் 22 அன்று வந்தது. ‘நிறுவினோம், ஓடுகிறது, ஆகவே பழுதில்லை’ என்று முதல் நாளிலேயே முடிவு கட்டக் கூடாது என்பதை இது காட்டுகிறது.

2024 நவம்பரில் சில நிறுவனங்களின் 2019, 2022 பதிப்புச் சர்வர்கள் எதிர்பாராமல் 2025 பதிப்புக்கு மாறியிருந்தன. புதிய பதிப்புக்குத் தனி உரிமம் தேவை. பழைய நிலைக்குத் திரும்பக் காப்புநகலே பெரும்பாலும் வழி. விருப்பத் தேர்வாக வெளியிட்ட மேம்படுத்தலை, வேறு நிறுவனங்களின் புதுப்பிப்பு மேலாண்மைக் கருவிகள் சில உரியவாறு கையாளாததே காரணம் என்று மைக்ரோசாஃப்ட் விளக்கம் அளித்தது. மாதாந்தரத் திருத்தம் வேறு, பதிப்பு மாற்றம் வேறு என்பதை வாடிக்கையாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் நின்றதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். நம் நாட்டிலும் சில விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயணச்சீட்டுகள் வழங்கப்பட்டன. அதற்குக் காரணம் இயங்குதளப் புதுப்பிப்பு அன்று. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோப்பு. அது 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டபோதிலும், ஏற்கெனவே நின்றுபோன கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையாலேயே சீர்செய்ய வேண்டியிருந்தது. இந்தியாவில் 10 வங்கிகளிலும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களிலும் மட்டுமே சிறு இடையூறு ஏற்பட்டதாக இந்திய ரிசர்வ் வங்கி அன்றே அறிவித்தது.

நிறுத்தியே வைத்தால் என்ன ஆகும்?

நாணயத்தின் மறுபக்கத்தையும் காண்போம். 2017 மார்ச் 14 அன்று விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையிலிருந்த ஒரு கடுமையான குறைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அதே ஆண்டு மே 12 அன்று, அக்குறையைப் பயன்படுத்தி வானாக்ரை என்னும் ரான்சம்வேர் பரவியது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் மட்டும் 236 அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. திருத்தம் வெளியான நாளுக்கும் தாக்குதல் நாளுக்கும் இடையே 59 நாட்கள் இருந்தன. அந்த 59 நாட்களுக்குள் உரிய திருத்தத்தை நிறுவியிருந்த கணினிகளில் அந்தக் குறை அடைபட்டிருந்தது.

மேலும் ஒன்று. 2022 ஜனவரியில் சர்வர்களை நிலைகுலையச் செய்த அதே தொகுப்பில்தான், இணையம் வழியாகவே சர்வரைக் கைப்பற்ற இடமளித்த ஒரு கடுங்குறைக்கான திருத்தமும் இருந்தது. பழுதும் மருந்தும் ஒரே பொட்டலத்தில் வந்தன. மாதாந்தரப் புதுப்பிப்புகள் ஒட்டுமொத்தத் தொகுப்புகளாக வருவதால், அவற்றுள் வேண்டியதை எடுத்து வேண்டாததை விடும் வசதி நமக்கு இல்லை. ஒன்றை நிறுத்தினால் அந்த மாதத்துக் காப்பு முழுவதையும் நிறுத்துகிறோம்.

ஆகவே மேற்கண்ட தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பழுதுள்ள புதுப்பிப்புக்கு மாற்று வர ஒருமுறை 6 நாட்களும், மற்றொருமுறை 10 நாட்களும் ஆயின. புறக்கணிக்கப்பட்ட திருத்தம் பேரிடராக மாற 59 நாட்கள் ஆயின. இக்காலத்தில் தாக்குவோர் அத்தனை நாள் காத்திருப்பதும் இல்லை. சிறு நிறுவனம் ஒன்று மாதாந்தரப் புதுப்பிப்பை ஏழு முதல் பதினான்கு நாட்கள் வரை தாமதித்து நிறுவுவது இவ்விரு இடர்களுக்கும் இடைப்பட்ட நடுவழி என்பது நம் கருத்து.

காசோலை போலவே

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்க நன்கு பழகிய ஓர் ஒப்புமை உண்டு. வழங்கிய காசோலைக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கிக்கு அறிவுறுத்துகிறீர்கள் அல்லவா? அதில் மூன்று இயல்புகள் உள்ளன. முதலாவது, அறிவுறுத்தல் குறிப்பிட்ட ஒரு காசோலை எண்ணுக்கு உரியது. கணக்கு முழுவதையும் முடக்குவது அன்று. இரண்டாவது, காசோலைக்குப் பணம் வழங்கப்படுமுன் அது வங்கியை அடைய வேண்டும். மூன்றாவது, காசோலையை நிறுத்தியதால் கடன் தீர்ந்துவிடாது; வேறு வழியில் அதைச் செலுத்தியே ஆக வேண்டும்.

புதுப்பிப்பை நிறுத்துவதும் இத்தகையதே. நிறுத்த வேண்டியது எண் குறித்த ஒரு புதுப்பிப்பை. புதுப்பிப்பு ஏற்பாடு முழுவதையும் அன்று. அது நிறுவப்படுமுன் நிறுத்த வேண்டும். நிறுத்திய பின்னரும் பாதுகாப்புக் குறை அப்படியே இருக்கிறது. அதை அடைக்கும் பொறுப்பும் தொடர்கிறது.

நிறுத்தும் முறை

கீழ்க்காணும் பணிகளைச் சர்வரைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளரே செய்ய வேண்டும். எனினும் என்ன செய்யப்படுகிறது என்பதை உரிமையாளர் அறிந்திருப்பது நன்று.

முதற்படி, தானாக நிறுவும் அதிகாரத்தைச் சர்வரிடமிருந்து மனிதரிடம் மாற்றுவது. விண்டோஸ் சர்வரின் குரூப் பாலிசி அமைப்பில் தானியங்கிப் புதுப்பிப்புக்கான கொள்கை ஒன்று உள்ளது. அதில் 4ஆம் தெரிவு குறித்த நேரத்தில் தானே நிறுவும். 3ஆம் தெரிவு பதிவிறக்கம் மட்டும் செய்துவிட்டு நிறுவுவதற்கு நம் அனுமதியைக் கேட்கும். 2ஆம் தெரிவு பதிவிறக்கத்துக்கே அனுமதி கேட்கும். வணிகச் சர்வருக்கு 3ஆம் தெரிவு ஏற்றது. எஸ்கான்ஃபிக் என்னும் எளிய கருவியிலும் இத்தகைய தெரிவு உண்டு. இம்மாற்றத்தை ஒருமுறை செய்துவிட்டால், அதிகாலை 3 மணி அதிர்ச்சி நேராது.

இரண்டாம் படி, சிக்கலானது என்று அறியப்பட்ட புதுப்பிப்பை எண்ணால் அடையாளம் கண்டு விலக்குவது. ஒவ்வொரு விண்டோஸ் புதுப்பிப்புக்கும் கேபி என்ற எழுத்துகளுடன் தொடங்கும் எண் உண்டு. பல கணினிகள் உள்ள நிறுவனங்கள் டபிள்யூசஸ் எனப்படும் புதுப்பிப்பு விநியோகச் சர்வரை வைத்திருந்தால், அதில் அந்த எண்ணை நிராகரிக்கலாம். ஒரே சர்வர் உள்ளவர்கள் பவர்ஷெல் வழியாக அந்த எண்ணை மறைத்துவைக்கலாம். பதிப்பு மாற்றத்தைத் தடுக்க, எந்தப் பதிப்பில் நிலைத்திருக்க வேண்டும் என்பதை வெளிப்புற மேலாண்மைக் கருவியிலும் தனியே குறிப்பிட வேண்டும்.

மூன்றாம் படி, ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டால் நீக்குவது. நிறுவிய புதுப்பிப்புகளின் பட்டியலிலிருந்து எண்ணைத் தெரிந்து நீக்கலாம். சர்வர் இயல்பாக எழவில்லையெனில் மீட்புச் சூழலுக்குச் சென்று அங்கிருந்து நீக்க வேண்டும். இங்கே பலர் கவனியாது விடும் ஒன்று: நீக்கியவுடன் அந்த எண்ணை விலக்கியும் வைக்க வேண்டும். இல்லையேல் அடுத்த சோதனையில் சர்வர் அதையே மீண்டும் கண்டெடுத்து மீண்டும் நிறுவும்.

நான்காம் படி, அடுத்த மாதத்தை எதிர்நோக்குவது. ஒட்டுமொத்தத் தொகுப்பு என்பதால், இம்மாதம் விலக்கியவை அடுத்த மாதம் வேறு எண்ணுடன் வரும். பழுது அதற்குள் திருத்தப்பட்டுவிட்டதா என்பதை மைக்ரோசாஃப்ட் வெளியிடும் அறியப்பட்ட சிக்கல்கள் பட்டியலில் பார்த்துவிட்டே நிறுவ வேண்டும்.

லினக்ஸ் சர்வர் வைத்திருப்போருக்கும் இதே நெறிதான். உபுண்டுவில் குறிப்பிட்ட தொகுப்பை மட்டும் அதே பதிப்பில் நிறுத்திவைக்கவும், தானியங்கிப் புதுப்பிப்பிலிருந்து அதை விலக்கவும் வசதிகள் உள்ளன. ரெட் ஹாட் வகையிலும் பதிப்பைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. கெர்னல் எனப்படும் மையப்பகுதி புதுப்பிக்கப்பட்டுச் சிக்கல் நேர்ந்தால், முந்தைய கெர்னல் பொதுவாக அழிக்கப்படாமல் இருக்கும். தொடக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்து சர்வரை இயக்கலாம்.

செய்யக் கூடாத ஒன்றையும் கூறிவிடுகிறோம். புதுப்பிப்புச் சேவை முழுவதையும் நிரந்தரமாக அணைத்துவிடுவது தீர்வு அன்று. விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளின் அன்றாட வரையறைகளும் பொதுவாக அதே வழியில்தான் வருகின்றன. கதவைத் தாழிடப் போய்க் காவலரையும் வெளியே நிறுத்தியவர்களாவோம்.

பதிவேடு ஒன்று வேண்டும்

வங்கிகளில் எந்தக் கணினி மாற்றமும் எழுத்துமூல ஒப்புதல், சோதனைச் சூழலில் முன்னோட்டம், குறித்த நேரம், பின்வாங்கும் திட்டம் ஆகியவை இன்றி மேற்கொள்ளப்படுவதில்லை. தகவல் தொழில்நுட்ப ஆளுகை குறித்து ரிசர்வ் வங்கி 2023 நவம்பர் 7 அன்று வெளியிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த முதன்மை வழிகாட்டுதல், மாற்றங்களையும் திருத்தங்களையும் கையாளும் முறையையும் உள்ளடக்கியது. ஐந்து பேர் பணிபுரியும் நிறுவனத்துக்கு அத்தனை ஏற்பாடு இயலாது. ஆனால் ஒரு குறிப்பேடு இயலும்.

அதில் ஐந்து பத்திகள் போதும்: புதுப்பிப்பின் எண், நிறுத்திய தேதி, காரணம், நிறுத்தியவர் பெயர், மறுபரிசீலனைத் தேதி. இவற்றுள் ஐந்தாவதே முதன்மையானது. நிறுத்திவைத்தவர் வேலையை விட்டுச் சென்றுவிட, நிறுத்தம் மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடர்வது உண்டு. வங்கிக் கணக்கு ஒத்திசைவுப் பட்டியலில் நெடுநாள் தீராமல் நிற்கும் பதிவைப் போல, அதுவும் ஒருநாள் இழப்பாக வெளிப்படும்.

நிறுத்தவே கூடாத வேளை

குறிப்பிட்ட குறையைப் பயன்படுத்தித் தாக்குதல் ஏற்கெனவே நடந்துவருகிறது என்று தயாரிப்பு நிறுவனமோ, செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவோ எச்சரித்தால், பதினான்கு நாள் காத்திருக்கும் நெறி பொருந்தாது. காப்புநகல் எடுத்துக்கொண்டு அன்றே நிறுவுவது நல்லது. இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய சர்வருக்கு இது மேலும் பொருந்தும். அந்தப் புதுப்பிப்பே சர்வரை நிலைகுலையச் செய்கிறது எனில், மாற்றுத் திருத்தம் வரும்வரை சர்வரை இணையத்திலிருந்து துண்டித்து, அலுவலக வலையமைப்புக்குள் மட்டும் இயக்கலாம்.

மற்றொன்று: ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்கு இந்த விவாதமே இல்லை. விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2 பதிப்புகளுக்கான ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்தது. கட்டணம் செலுத்தி நீட்டித்தவர்களுக்கு மட்டுமே அதன் பின்னர் திருத்தங்கள் கிடைத்தன. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 இறுதி நாள். அப்பதிப்பை வைத்திருப்போர் மாற்றுச் செலவை வரவு செலவுத் திட்டத்தில் இப்போதே சேர்த்துக்கொள்வது நன்று.

பணப் பட்டுவாடா நிற்காதிருக்க

எத்தனை கவனமாக இருந்தாலும் ஒருநாள் சர்வர் எழாமல் போகலாம். அன்று ஊதியமும் வரியும் தவறாதிருக்கச் சில முன்னேற்பாடுகளைப் பரிந்துரைக்கிறோம்.

புதுப்பிப்பை நிறுவும் நாளை நிறுவனமே தேர்ந்துகொள்ளட்டும். இரண்டாம் செவ்வாயை அடுத்த வாரத்தில், 20ஆம் தேதியின் நெருக்கடி கழிந்த ஒரு சனிக்கிழமை மாலை பல வணிகர்களுக்குப் பொருந்தும். அன்று காலை முழுக் காப்புநகல் எடுக்க வேண்டும். அதில் ஒரு பிரதியாவது சர்வரோடு இணைக்கப்படாத வட்டில் இருக்க வேண்டும். அக்காப்புநகலிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்க்கும் ஒத்திகையை ஆண்டுக்கு இருமுறையாவது நடத்த வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புநகல், எண்ணிப் பார்க்காத பணக்கட்டுக்கு ஒப்பானது.

ஊதியப் பட்டுவாடாக் கோப்பு, பயனாளிகளின் கணக்கு விவரம் ஆகியவற்றின் மறைகுறியிட்ட பிரதி ஒன்றை வேறொரு கணினியிலும் வைத்திருங்கள். டிஜிட்டல் கையொப்பச் சாதனத்துக்கான மென்பொருளை அந்த இரண்டாம் கணினியிலும் நிறுவிவையுங்கள். நெஃப்ட் வசதி 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்டிஜிஎஸ் வசதி 2020 டிசம்பர் 14 முதலும் நாள் முழுதும் இயங்குகின்றன. ஆகவே சர்வர் பகலில் நின்றாலும், இரண்டாம் கணினியிலிருந்து இணைய வங்கிச் சேவை வழியே இரவிலும் பணம் அனுப்பலாம்.

ஓர் எச்சரிக்கை

புதுப்பிப்புக் கோளாறு செய்தியாகும் நாட்களில் மோசடியாளர்களும் விழித்துக்கொள்கிறார்கள். ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்’, ‘வங்கியின் கணினிப் பிரிவிலிருந்து பேசுகிறோம்’ என்று கூறி, பழுதை நீக்குவதாகத் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். நம் வங்கி எந்த வாடிக்கையாளரின் கணினியையும் அவ்வாறு பழுது பார்ப்பதில்லை. புதுப்பிப்பையோ அதற்கான திருத்தத்தையோ தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும். பணம் இழக்க நேர்ந்தால் உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் தகவலே பணத்தை மீட்பதற்குப் பெரிதும் உதவும்.

சுருங்கக் கூறின்: நிறுவும் முடிவைச் சர்வரிடம் விடாமல் நீங்கள் எடுங்கள், சிக்கலான எண்ணை மட்டும் நிறுத்துங்கள், நிறுத்தத்துக்கு ஒரு முடிவுத் தேதி எழுதுங்கள், அத்தேதியில் மறவாமல் விடுவியுங்கள். உங்கள் சர்வர் இப்போது எந்த அமைப்பில் உள்ளது என்பதை அடுத்த இரண்டாம் செவ்வாய்க்கு முன்னரே உங்கள் கணினிப் பணியாளரிடம் கேட்டு அறிந்துகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.